ஒன்றே முக்கால் கிரவுண்டுச் சோலை

நியூயார்க் நகரத்தில் காசு கொடுத்தால் கிடைக்காத பொருள் இல்லை. வைர நகை வேண்டுமா? 47-வது தெருவுக்குப் போனால் கடைக்குக் கடை கண்ணைப் பறிக்கிறது. நாடகம் பார்க்க வேண்டுமா? பிராட்வேயில் கொட்டகைகள் வரிசையாக நிற்கின்றன. ஆனால், மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஐந்தாவது அவென்யூவில், இரண்டு கைகளிலும் பைகளைத் தூக்கிக்கொண்டு, கால் கடுக்க நின்றுகொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிஷம் உட்கார வேண்டும். அவ்வளவுதான் உங்கள் ஆசை. அதற்கு எங்கே போவது?

ஓட்டலுக்குள் நுழைந்தால் காப்பி வாங்கியாக வேண்டும். கடைக்குள் போனால் எதையோ வாங்குகிறவர் போலப் பாவனை செய்ய வேண்டும். நடைபாதையில் சற்று ஓரமாக நிற்கலாம் என்றாலோ, பின்னால் வருகிற ஜன வெள்ளம் உங்களை அடுத்த தெரு வரைக்கும் தள்ளிக்கொண்டே போய்விடும். அண்ணாந்து பார்த்தால் இருபுறமும் மாடிக்கு மேல் மாடியாகக் கட்டடங்கள். நடுவில் ரிப்பன் அகலத்துக்குத்தான் வானம் தெரிகிறது. இந்த இடத்தில் ஒரு சதுர அடி மண்ணின் விலையை நினைத்தாலே தலை சுற்றும். இங்கே எந்தப் புண்ணியவான் பூங்கா போடப் போகிறான் என்றுதானே கேட்கிறீர்கள்?

போட்டிருக்கிறார்கள்! ஐந்தாவது அவென்யூவிலிருந்து 53-வது தெருவில் கிழக்கே திரும்புங்கள். நாலு எட்டு வைப்பதற்குள் மோட்டார் இரைச்சலுக்கு நடுவே ஒரு புதுச் சத்தம் கேட்கும். 'ஹோ'வென்று மழை கொட்டுகிற மாதிரி இருக்கும். வானத்தைப் பார்த்துக் குடையைத் தேடாதீர்கள். இடது கைப் பக்கம் திரும்பிப் பாருங்கள். இரண்டு பெரிய கட்டடங்களுக்கு நடுவே, வாயில் பல் விழுந்த இடம் மாதிரி, ஓர் இடைவெளி. அந்த இடைவெளிக்குள்ளே மரங்கள். மரங்களுக்கு அடியில் நாற்காலிகள். கோடியில் ஒரு நீர்வீழ்ச்சி!

அதுதான் பேலி பூங்கா. அகலம் 42 அடி, நீளம் 100 அடி. மொத்தம் 4,200 சதுர அடி. நம் சென்னைக் கணக்கில் சொன்னால் ஒன்றே முக்கால் கிரவுண்டு. ஒரு நடுத்தரக் குடும்பஸ்தர் வீடு கட்டி, பின்னால் இரண்டு தென்னங்கன்று வைக்கும் மனை. அவ்வளவு சின்ன இடத்தில் அமைந்த இந்தப் பூங்காவை, உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் நகரங்களை அமைக்கும் நிபுணர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

சங்கிலி இருந்த வாசல்

இந்த மனையில் முன்னே என்ன இருந்தது தெரியுமா? 'ஸ்டார்க் கிளப்' என்ற இராக் கேளிக்கை விடுதி. ஸ்டார்க் என்றால் நாரை. 1934-ம் வருஷத்திலிருந்து 1965 வரைக்கும் அந்த நாரை இங்கேதான் கூடு கட்டியிருந்தது. சினிமா நட்சத்திரங்கள், கோடீசுவரர்கள், பத்திரிகையில் வம்பு எழுதுகிறவர்கள் எல்லோரும் அங்கே கூடுவார்கள். வாசலில் 14 காரட் தங்கத்தில் ஒரு சங்கிலி! கழுத்தில் போட வேண்டியதை வாசலில் போட்டிருந்தார்கள். உள்ளே வரத் தகுதி உள்ளவர் என்று காவலாளிக்குத் தோன்றினால் சங்கிலி விலகும்; இல்லாவிட்டால் விலகாது.

சங்கிலியைத் தாண்டி உள்ளே போய்விட்டால் மட்டும் போதுமா? 1951-ம் வருஷம் அக்டோபர் மாதம் ஜோசபின் பேக்கர் என்ற பிரபலமான பாடகி அங்கே சாப்பிடப் போனார். ஐரோப்பாவே கொண்டாடிய கலைஞர், கறுப்பினப் பெண்மணி. கேட்ட உணவு வெகு நேரமாகியும் வரவில்லை. தம் நிறத்தைக் காரணமாக வைத்து அலட்சியம் செய்துவிட்டார்கள் என்று அவர் பகிரங்கமாகப் புகார் சொன்னார். ஊரெல்லாம் பெரிய விவகாரமாயிற்று.

அப்பேர்ப்பட்ட இடத்தை இடித்துத்தான் பூங்கா போட்டார்கள். போட்டவர் வில்லியம் பேலி, சி.பி.எஸ். என்ற பெரிய ரேடியோ, டெலிவிஷன் ஸ்தாபனத்தை வளர்த்தவர். அவருடைய தகப்பனார் ஸாமுவேல் பேலி, அமெரிக்காவுக்குக் குடியேறி, சுருட்டு வியாபாரத்தில் முன்னுக்கு வந்தவர். 1963-ல் தகப்பனார் காலமானார். அவர் ஞாபகமாக ஏதாவது செய்ய வேண்டும் என்று மகனுக்கு ஆசை. சிலை வைக்கவில்லை, மண்டபம் எழுப்பவில்லை. வழியே போகிறவர்கள் உட்கார ஓர் இடம் செய்து வைத்தார். 1967-ம் வருஷம் மே மாதம் 23-ந் தேதி பூங்கா திறக்கப்பட்டது. தங்கச் சங்கிலி தொங்கிய வாசலில் இப்போது நாலு படிகள் இருக்கின்றன. வெகு தாழ்வான, வெகு அகலமான படிகள். இரு பக்கமும் சாய்வுப் பாதை. சக்கர நாற்காலியும் போகும். குழந்தை வண்டியும் போகும். 'நீ யார்?' என்று யாரும் கேட்பதில்லை.

தரை, சுவர், கூரை

பூங்காவை அமைத்தவர் ராபர்ட் ஸயன் என்ற தோட்டக்கலை நிபுணர். அந்தக் காலத்தில் பூங்கா என்றால் ஏக்கர் கணக்கில் இருக்க வேண்டும் என்பது பெரிய மனிதர்களின் அபிப்பிராயம். துண்டு நிலத்தில் பூங்கா போட்டால் காவலுக்கும் பராமரிப்புக்கும் கட்டுப்படியாகாது என்றார்கள். ஸயன் அதை ஒப்புக்கொள்ளவில்லை. 1963-ம் வருஷமே, 'கட்டடங்களுக்கு நடுவே 50 அடிக்கு 100 அடி இடம் இருந்தால் போதும், ஆபீஸில் வேலை செய்கிறவர்களுக்கும் கடைக்கு வருகிறவர்களுக்கும் நல்ல பூங்கா அமைக்கலாம்' என்று படம் வரைந்து கண்காட்சியில் வைத்தார். கோட்டுக்குள் அணியும் வெஸ்ட்டில் சின்னப் பை இருக்கிறதே, அதன் பெயரையே இந்தச் சின்னப் பூங்காக்களுக்குச் செல்லப் பெயராக வைத்துவிட்டார்கள். பைப் பூங்கா!

ஸயனுடைய யுக்தி மிகவும் எளியது. இதை அவர் காடாகவோ வயலாகவோ நினைக்கவில்லை. ஒரு வீட்டுக் கூடமாக நினைத்தார். கூடத்துக்கு என்ன வேண்டும்? தரை வேண்டும், சுவர் வேண்டும், கூரை வேண்டும், உட்கார ஆசனம் வேண்டும்.

தரைக்கு முரட்டுக் கருங்கல். அதைப் பூங்காவின் எல்லையோடு நிறுத்திவிடாமல், நடைபாதையையும் தாண்டித் தெருவின் விளிம்பு வரைக்கும் பரப்பிவிட்டார். நம் வீடுகளில் வாசலைத் தெளித்து, தெருவின் பாதி வரைக்கும் கோலத்தை இழுத்துப் போடுகிறோமே, அந்த மாதிரி. தெருவில் நடக்கிறவர் தமக்குத் தெரியாமலே பூங்காவை மிதித்துவிடுகிறார். மிதித்த பிறகு திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியுமா?

சுவர்கள் பக்கத்துக் கட்டடங்களை ஒட்டி எழுந்தவை. அவற்றின் மேல் ஐவி என்ற படர்கொடியை ஏற்றிவிட்டார். இரண்டு பக்கமும் பச்சைத் திரை தொங்குகிறது. தரையில் புல் வளர்க்க இடமில்லாத குறைக்கு, புல்தரையையே நிமிர்த்தி வைத்துவிட்டார்!

கூரை, மரங்கள். 'ஹனி லோகஸ்ட்' என்ற ஜாதி. 12 அடிக்கு ஒன்றாக நட்டிருக்கிறார்கள். புளிய இலை மாதிரி பொடிப் பொடியான இலை. அடர்த்தியான இலையாக இருந்தால் ஏற்கெனவே வெளிச்சம் குறைவான அந்தச் சந்தில் இருட்டு அப்பிக்கொள்ளும். பொடி இலையானதால் வெயிலைச் சல்லடையில் சலித்தது போல் தரையில் தெளிக்கிறது. அடிமரம் உயரமாக இருப்பதால், தெருவில் நின்று பார்த்தால் கோடி வரைக்கும் பார்வை தடையில்லாமல் போகிறது. இந்த விஷயத்தை மனசில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

வாசலில் இரு பக்கமும் துவாரபாலகர் மாதிரி இரண்டு சின்ன அறைகள். ஒன்றில் நீர்வீழ்ச்சிக்கான யந்திர சாமான்கள். இன்னொன்றில் சிற்றுண்டிக் கடை. வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்ததை அவிழ்த்துச் சாப்பிட்டாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

கோடிச் சுவர் முழுவதும் நீர்வீழ்ச்சி. உயரம் 20 அடி. நிமிஷத்துக்கு 1,800 காலன், அதாவது சுமார் 6,800 லிட்டர் தண்ணீர் விழுகிறது. குழாயடியில் குடத்தோடு நின்று பழகிய நமக்கு இந்தக் கணக்கைக் கேட்டால் வயிறு எரியும்! கவலை வேண்டாம், விழுந்த தண்ணீரையேதான் யந்திரம் திரும்பவும் மேலே ஏற்றுகிறது. இது வெறும் அழகுக்காக வைத்தது என்று நினைத்தால் தப்பு. இந்த இரைச்சல் தெருவின் இரைச்சலை விழுங்கிவிடுகிறது. அது மட்டுமா? உங்கள் பேச்சையும் அடுத்த மேஜைக்குப் போகவிடாமல் தடுத்துவிடுகிறது. இரண்டு சிநேகிதிகள் மாமியார் சமாசாரம் பேச வேண்டுமென்றால் இதைவிடப் பத்திரமான இடம் நகரத்திலேயே கிடைக்காது.

நாற்காலி மகாத்மியம்

இத்தனையும் இருந்தாலும், பேலி பூங்காவின் உயிர் வேறோர் இடத்தில் இருக்கிறது. அதன் நாற்காலிகளில்தான்! கம்பி வலையால் செய்த, இலேசான, தனித்தனி நாற்காலிகள். தரையோடு சேர்த்து முடுக்கியவை அல்ல. ஒரு கையால் தூக்கி எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

'இது ஒரு பெரிய விஷயமா?' என்பீர்கள். ரொம்பப் பெரிய விஷயம். பூங்காக்களில் சாதாரணமாக என்ன இருக்கிறது? சிமெண்டு பெஞ்சு. ஒரு கோடியில் யாரோ ஒருவர் உட்கார்ந்திருந்தால், மறு கோடியில் நாம் உட்காருவதா வேண்டாமா என்று தயங்குகிறோம். உட்கார்ந்த பிறகு அவர் பேச்சுக் கொடுத்தால் எழுந்து போவதைத் தவிர வேறு வழி இல்லை. தனி நாற்காலியாக இருந்தால்? வெயில் வந்தால் நிழலுக்கு நகர்த்தலாம். மூன்று பேர் வந்தால் வட்டமாகப் போட்டுக்கொள்ளலாம். தனிமை வேண்டுமானால் கொடிச் சுவரின் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். பக்கத்தில் இருப்பவரைப் பிடிக்கவில்லையா? எழுந்து போக வேண்டாம். நாற்காலியை இரண்டு அடி தள்ளிப் போட்டுக்கொண்டால் போதும்.

நாற்காலியைத் திருடிக்கொண்டு போய்விடமாட்டார்களா? இந்தச் சந்தேகம் அந்த ஊர்க்காரர்களுக்கும் இருந்தது. அதே ஐந்தாவது அவென்யூவில் உள்ள மெட்ரோபாலிடன் கலைக்கூடத்தார், தங்கள் வாசலில் இம்மாதிரி நாற்காலிகளைப் போட்டு இரவு பகலாக அப்படியே விட்டு வைத்துப் பார்த்தார்கள். தினந்தோறும் அவற்றை எடுத்து உள்ளே வைக்க ஆள் போட்டால் ஆகிற சம்பளத்தைவிட, ஜனங்களை நம்பிவிட்டு, காணாமற் போனதற்குப் புதிது வாங்கிப் போடுவது மலிவு என்று கண்டார்கள்!

மாடி மேல் காமிரா

இவையெல்லாம் எப்படித் தெரியவந்தன? வில்லியம் ஒயிட் என்று ஓர் எழுத்தாளர். கம்பெனி உத்தியோகஸ்தர்களின் வாழ்க்கையைப் பற்றி 1956-ல் புத்தகம் எழுதிப் பெயர் வாங்கியவர். 1970-ம் வருஷம் அவருக்கு ஒரு விநோத ஆசை வந்தது. நகரத்தில் ஜனங்கள் எங்கே உட்காருகிறார்கள், எங்கே உட்காருவதில்லை, ஏன்? இதைக் கண்டுபிடிக்க இளைஞர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, கட்டடங்களின் மேல் சினிமா காமிராக்களை வைத்தார். நோட்டுப் புத்தகத்தோடு கீழேயும் உட்கார்ந்தார்.

அப்போது நியூயார்க்கில் ஒரு விசித்திரமான நிலைமை. 1961-ம் வருஷத்து நகர விதியின்படி, கட்டடக்காரர் ஒரு சதுர அடி இடத்தைப் பொதுஜனங்களுக்குத் திறந்தவெளியாக விட்டால், பத்துச் சதுர அடி அதிகப்படியாகக் கட்டிக்கொள்ளலாம். நல்ல பேரம் இல்லையா? 1973-க்குள் 11 லட்சம் சதுர அடி திறந்தவெளி கிடைத்துவிட்டது என்று ஒயிட் கணக்குச் சொல்லியிருக்கிறார். ஆனால் பல இடங்களில் ஈ, காக்கை இல்லை. வெறும் கல் பாவிய வெளி. உட்கார ஆசனம் இல்லை. சுவர் விளிம்பில் உட்காரலாம் என்றாலோ, உட்காரக் கூடாது என்பதற்காகவே அதில் இரும்பு முட்களைப் பதித்திருந்தார்கள்!

பேலி பூங்காவோ மத்தியான வேளையில் நிரம்பி வழிந்தது. அத்தனை கூட்டத்திலும் யாருக்கும் நெரிசலாகத் தோன்றவில்லை. வழியே போகிறவர்களில் பாதிப்பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். பார்த்தவர்களில் பாதிப்பேர் புன்சிரிப்புச் சிரிக்கிறார்கள் என்பதைக் கூட ஒயிட் எண்ணி வைத்திருக்கிறார். நாற்காலி விஷயத்தில் அவர் கண்ட வேடிக்கை ஒன்று உண்டு. யாராக இருந்தாலும் உட்காருவதற்கு முன்னால் நாற்காலியை இரண்டு அங்குலம் இப்படியோ அப்படியோ நகர்த்துகிறார்கள். நகர்த்த வேண்டிய அவசியமே இருப்பதில்லை. இருந்தாலும் நகர்த்துகிறார்கள். சாப்பிட உட்காரும்போது மணையைச் சற்று இழுத்துப் போட்டுக்கொள்கிறோமே, நாம் மட்டும் வேறு என்ன செய்கிறோம்? இழுத்துப் போட்ட பிறகுதான் அது நம் இடம் என்று மனசு ஒப்புக்கொள்கிறது.

ஒயிட் 1980-ம் வருஷம் புத்தகமாகவும் சினிமாப் படமாகவும் வெளியிட்ட முடிவுகளில், சகோதரிகளே, நம்மைப் பற்றி ஒன்று இருக்கிறது. ஓர் இடம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று அறிய வேண்டுமானால், அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்களை எண்ணு என்கிறார் அவர். பொதுவாக இத்தகைய இடங்களில் ஆண்கள்தான் அதிகம். ஆனால் ஜனங்கள் மிகவும் விரும்பும் இடங்களில் பெண்களின் பங்கு கூடுகிறது. எங்கே குறைகிறதோ அங்கே ஏதோ கோளாறு என்று அர்த்தம்.

காரணம் நமக்குத் தெரியாததா? ஆண்பிள்ளை காலியாக இருக்கிற இடத்தில் உட்கார்ந்துவிடுவார். ஒரு பெண் உட்காருவதற்கு முன் ஒரு கண நேரத்தில் எத்தனை கேள்விகள் கேட்டுக்கொள்கிறாள்! இடம் சுத்தமா? பக்கத்தில் யார்? முதுகுக்குப் பின்னால் என்ன? இங்கிருந்து தெரு தெரிகிறதா? தெருவிலிருந்து என்னைத் தெரியுமா? எழுந்து போக வேண்டுமென்றால் வழி எது? எல்லாவற்றுக்கும் சரியான விடை கிடைத்தால்தான் புடவையோ கவுனோ மடித்துக்கொண்டு உட்காருகிறாள். பேலி பூங்காவில் மரத்தை உயரமாக வைத்து, படியைத் தாழ்வாக வைத்து, நாற்காலியைக் கட்டிப்போடாமல் விட்டார்களே, அவ்வளவும் இந்தக் கேள்விகளுக்கு விடைகள்!

ஒயிட்டின் ஆராய்ச்சியால் 1975-ல் விதிகளே மாறின. 30 சதுர அடி திறந்தவெளிக்கு ஓர் அடி நீளமாவது உட்காரும் ஆசனம் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது.

வேலிக்குள் இருந்த பூங்கா

இனி, பத்து நிமிஷம் தெற்கே நடந்து 42-வது தெருவுக்கு வாருங்கள். பெரிய பொது நூலகத்தின் பின்புறம் பிரையண்ட் பூங்கா. இது ஏக்கர் கணக்கில் பரந்த பெரிய பூங்கா. வில்லியம் கல்லன் பிரையண்ட் என்ற கவிஞரின் பெயரை 1884-ல் வைத்தார்கள். 1934-ல் இதைப் புதுப்பித்தவர்கள், நகரத்தின் சந்தடியிலிருந்து ஒதுங்கிய அமைதியான சோலையாக இருக்க வேண்டும் என்று நல்ல எண்ணத்தோடு, தெரு மட்டத்துக்கு நாலு அடி உயர்த்தி, சுற்றிலும் இரும்பு வேலியும் அடர்ந்த செடி வேலியும் போட்டார்கள்.

விளைவு? உள்ளே நடப்பது வெளியே தெரியவில்லை. உள்ளே போனவருக்கு வெளியே வருகிற வழி சட்டென்று தெரியவில்லை. 1970-களில் போதை மருந்து விற்பவர்கள் குடியேறிவிட்டார்கள். பட்டப்பகலில்கூடப் பெண்கள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். செடி நன்றாகத்தான் வளர்ந்தது. நிழல் நன்றாகத்தான் விழுந்தது. யார் என்ன சொல்ல முடியும்?

ஒயிட்டைக் கூப்பிட்டு யோசனை கேட்டார்கள். போலீஸ்காரரை இன்னும் நிறையப் போடுங்கள் என்று சொல்வார் என எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். நல்லவர்கள் வராததால்தான் பொல்லாதவர்கள் வருகிறார்கள். நல்லவர்கள் வர வழியைத் திறந்துவிடுங்கள் என்றார். 1988-ல் பூங்காவை மூடி வேலை ஆரம்பித்தார்கள். புல்தரைக்கு அடியில் பள்ளம் தோண்டி நூலகத்தின் புத்தகங்களுக்கு நிலவறை கட்டினார்கள். மேலே, செடி வேலியை வெட்டினார்கள். வாசல்களை அகலமாக்கிப் புதிதாகவும் திறந்தார்கள். லாரி ஒலின் என்ற நிபுணர் அமைப்பைக் கவனித்தார். 300 அடி நீளத்துக்கு இரண்டு மலர்ப் பாத்திகளை அமைத்தவர் லிண்டன் மில்லர் என்ற அம்மையார். ஓவியராக இருந்து தோட்டக்காரியானவர். வர்ணங்களைத் துணியில் தீட்டியது போதும், மண்ணில் தீட்டுவோம் என்று தோன்றியிருக்கும்! 1992-ல் பூங்கா மறுபடி திறந்தபோது பச்சை வர்ண மடக்கு நாற்காலிகளை நூற்றுக்கணக்கில் போட்டார்கள். எல்லாம் தனித்தனி, எல்லாம் தூக்கி நகர்த்தக் கூடியவை.

இன்னொன்று சொல்ல வேண்டும். பூங்காவைப் பற்றி எழுதுகிறவர்கள் கூச்சப்பட்டு விட்டுவிடும் விஷயம். பல வருஷம் பூட்டிக் கிடந்த கழிப்பறையைத் திறந்து, பழுது பார்த்து, சுத்தம் செய்ய ஆள் வைத்து, ஜாடியில் புத்தம் புதுப் பூக்களை வைத்தார்கள். 2017-ல் இன்னும் சீராகப் புதுப்பித்தார்கள். வெளியே கிளம்பும் பெண்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்புவது ஏன் என்று தெரிந்தவர்களுக்கு, இது எத்தனை பெரிய உபகாரம் என்று தெரியும். குழந்தையோடு வந்த தாய் அரை மணியில் திரும்புவதா, அரை நாள் இருப்பதா என்பதை ரோஜாப் பாத்தி தீர்மானிப்பதில்லை. இந்தச் சின்ன அறைதான் தீர்மானிக்கிறது.

அந்தப் பூங்கா ஊழியர்கள் கையில் எண்ணும் கருவியை வைத்துக்கொண்டு சுற்றி வந்து, ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை என்று தனித்தனியாக எண்ணுவதை வழக்கமாக்கினார்கள். டாக்டர் ஜுரம் பார்ப்பது போலத்தான். பெண்களின் எண்ணிக்கை குறைந்தால் பூங்காவுக்கு உடம்பு சரியில்லை.

வெயிலும் நிழலும்

எல்லாம் தேனும் பாலுமாகச் சொல்லிவிட்டுப் போவது நியாயமாகாது. பேலி பூங்கா ஒரு பணக்காரர் கொடுத்த கொடை. நிர்வாகம் தனியார் அறக்கட்டளையினுடையது. இராத்திரியில் இரும்புக் கதவு மூடிவிடும். பிரையண்ட் பூங்கா நகரத்தின் சொத்து. ஆனாலும் அதை நடத்துவது தனி ஸ்தாபனம். அக்கம்பக்கத்துக் கட்டடக்காரர்களிடம் வசூலிக்கும் தீர்வை அதற்கு உதவுகிறது. பெரிய பெரிய ஆபீஸ்கள் நிறைந்த இடத்தில் இது நடக்கும். ஏழைகள் நெருக்கமாக வாழும் பேட்டையில் தீர்வை யார் கொடுப்பார்கள்? பேலி போன்ற ஒரு பிள்ளை எத்தனை தகப்பனார்களுக்குக் கிடைப்பான்? நாற்காலி வாங்குவது ஒரு நாள் செலவு. தினந்தோறும் இலை பெருக்குவதும், கழிப்பறை கழுவுவதும் அல்லவா நிரந்தரச் செலவு! அதற்கு வழி செய்யாமல் திறப்பு விழா மட்டும் நடத்தினால், அடுத்த மழைக்குள் பூங்கா குப்பைமேடாகிவிடும். பேலி பூங்காவைக்கூட 1999-ல் ஒரு முறை முழுக்கப் புதுப்பித்தார்கள். பழைய அமைப்பை அங்குலம் மாறாமல் வைத்துக்கொண்டு மரங்களைப் புதிதாக நட்டார்கள்.

வெளிச்சத்துக்கும் ஆபத்து வருகிறது. 51-வது தெருவில் கிரீனேக்கர் என்று இன்னொரு பைப் பூங்கா உண்டு. ராக்பெல்லர் குடும்பத்தைச் சேர்ந்த ஆபி என்ற அம்மையார் கொடுத்தது, 1971-ல் திறந்தது. அங்கே நீர்வீழ்ச்சி 25 அடி. 2017-ல் அந்த வட்டாரத்தில் இன்னும் உயரமாகக் கட்டிக்கொள்ளலாம் என்று விதிகளை மாற்றினார்கள். சுற்றிலும் கோபுரங்கள் எழுந்தால் பூங்காவுக்கு வரும் கொஞ்ச நஞ்ச வெயிலும் போய்விடுமே என்று பூங்காவின் அபிமானிகள் வெளிச்சத்துக்காக ஒரு போராட்டமே தொடங்கினார்கள். மண்ணை வாங்கிக் கொடுக்கக் கொடையாளி கிடைப்பார். அதன் மேலுள்ள சூரியனை எந்தக் கொடையாளியிடம் கேட்பது?

வரைபடம் வரும்போது

'இதெல்லாம் நியூயார்க் சமாசாரம், எனக்கென்ன?' என்று பத்திரிகையை மடித்துத் தொடர்கதைக்குப் போய்விடாதீர்கள். நெருக்கமான பேட்டையில் எங்காவது ஒரு மூலை காலியாகி, அங்கே பூங்கா வரப்போகிறது என்று ஒரு நாள் உங்களுக்கும் செய்தி வரலாம். வரைபடத்தைச் சுவரில் ஒட்டுவார்கள். வர்ண வர்ணமாகப் பூச்செடிகளும் நடுவில் ஒரு நீரூற்றும் அதில் இருக்கும். உடனே 'பேஷ்' என்று சொல்லிவிடாமல், சமையலறையில் சாமான் வைக்கிற இடத்தைப் பார்க்கிற அதே கண்ணால் அதைப் பாருங்கள்.

தெருவில் போகிறவருக்கு உள்ளே தெரிகிறதா? வாசல் எத்தனை? நாற்காலி நகருமா, நகராதா? மத்தியான வெயில் எங்கே விழும், சாயங்கால விளக்கு எங்கே எரியும்? கழிப்பறை எங்கே, அதன் சாவி யாரிடம்? திறப்பு விழா முடிந்த மறுநாள் பெருக்கப் போகிறவருக்குச் சம்பளம் எந்தக் கணக்கில்? கேளுங்கள். நிபுணர்கள் முகம் சுளித்தாலும் கேளுங்கள். வீட்டு வேலை முடித்து, ஆபீஸ் வேலை முடித்து, யாருக்கும் எதுவும் செய்யாமல் சும்மா பத்து நிமிஷம் உட்காருவது நம்மில் பலருக்கு வீட்டில்கூடக் கிடைக்காத பாக்கியம். அதை ஊர் நடுவில் செய்து கொடுப்பதற்குத்தான் பூங்கா.

பிறகு, பூங்கா திறந்து ஆறு மாதம் ஆகட்டும். ஒரு மத்தியானம் அந்தப் பக்கம் போய், வாசற்படியில் நின்று எண்ணிப் பாருங்கள். தனியாக வந்து, பையைக் கீழே வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, நாற்காலியை இரண்டு அங்குலம் இழுத்துப் போட்டுக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் பெண்கள் எத்தனை பேர்? பத்துப் பேர் இருந்தால், அமைத்தவருக்கு மனசார ஒரு நன்றி சொல்லிவிட்டு, பதினோராவது நாற்காலியில் நீங்களும் உட்காருங்கள்.